ஊர் திரும்பியோர் பட்டியல்

மேலப்பாக்கூர்,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஐயப்பன். நானும் கவிதாவும் சுகம். மாமாவின் முதுகுவலி தேவலையா? உன் மகள் பூங்கோதை பதினொன்றாம் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறாளா?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் டெல்லியில் உங்கள் நாலாக்கரை கேம்ப் குடிசைக்குள் நீ போன் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும், உனக்கு மெல்லப் பேசவும் வராது. அதனால்தான் கடிதம்.

நான் நடுமலை வட்டார மேம்பாட்டு முகமையில் மூன்று வருடமாக ஒப்பந்தக் களப்பணியாளனாக இருப்பது உனக்குத் தெரியும். பின்தங்கிய ஒன்றியங்களை முன்னேற்ற டெல்லியில் ஓர் அலுவலகம் பணம் ஒதுக்குகிறது. அதைச் செலவழித்து, முன்னேறிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவது எங்கள் முகமை. பிழைக்க வெளியூர் போன குடும்பங்களைத் தொழில் கொடுத்துத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பது இந்த வருட இலக்கு. இருநூறு குடும்பம். நூற்றெண்பது வரை எப்படியோ தேற்றிவிட்டோம். மீதி இருபதைக் காட்டாவிட்டால் டெல்லியிலிருந்து இரண்டாம் தவணை வராது. கட்டிக்கொண்டிருக்கும் பால் குளிரூட்டும் நிலையம் பாதியில் நிற்கும். நாங்கள் பதினான்கு பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கவிதாவுக்கு இது ஆறாம் மாதம்.

உன் கேம்ப்பில் நம் ஒன்றியத்து ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இருபது குடும்பத்தின் ஆதார் நகலும் ஆளுக்கொரு கையெழுத்தும் போதும். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். யாரும் வேலையை விட்டு வரவேண்டாம், காகிதத்தில் மட்டும் ஊர் திரும்பியதாக இருக்கும். பின்னால் தையல் மிஷின் வந்தால் அவர்களுக்குத்தான் முதலில். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

உன்னை விட்டால் எனக்கு யாரைக் கேட்பது?

அன்புடன்,
ஐயப்பன்

நாலாக்கரை கேம்ப், புது டெல்லி,
2 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் இருக்கிறோம். உன் மாமா முதுகைப் பிடித்துக்கொண்டே பெயிண்ட் வேலைக்குப் போகிறார். கவிதாவைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடாதே. நீ தூக்கு, தேய்ந்துவிட மாட்டாய்.

இலக்கு, தவணை என்று நீ எழுதியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. தம்பிக்கு வேலை போகும் என்பது விளங்கியது. வீடுவீடாக ஏறி இறங்கி வாங்கிவிட்டேன். என்னோடு சேர்த்து இருபது.

ஊரில் மிஷின் கொடுக்கிறார்கள், பேர் பதிய நகல் வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். காகிதத்தில் ஊர் திரும்பியதாக இருக்கும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கு ஆயிரம் கேள்வி கேட்பார்கள், எனக்கு நான்கு வீட்டுப் பாத்திரம் காத்திருக்கிறது. அடுத்த ஜுக்கிக் குடிசையில் இருக்கும் பொன்னி மட்டும் கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் தயங்கினாள். புருஷன் செத்த பிறகு மார்க்கெட்டில் பெருக்கித்தான் இரண்டு பையன்களையும் வளர்க்கிறாள். படிக்கத் தெரியாது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று கிறுக்கிக் கொடுத்தாள்.

உன் மாமாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. "கையெழுத்துப் போடுற எடத்துக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?" என்றார். என் தம்பி எழுதியிருக்கிறான், போதாதா என்றேன்.

நல்லபடியாக வேலையைக் காப்பாற்றிக்கொள்.

உன் அக்கா,
ராஜாத்தி

மேலப்பாக்கூர்,
24 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கவிதாவுக்கு நாள் நெருங்குகிறது. தீபாவளிக்கு அவள் அம்மா வந்திருக்கிறார்.

இருநூறு பூர்த்தியாகிவிட்டது. முகமை இயக்குநர் கூட்டத்தில் என் பேரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். மூன்று வருடத்தில் முதல் தடவை. இரண்டாம் தவணை வந்துவிடும் என்கிறார்கள்.

பொன்னி போன வாரம் ஒரு சாவுக்காக ஊருக்கு வந்திருந்தாள். கையோடு அவளை மிஷின் முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பியவர் தொழில் செய்வதற்கு அத்தாட்சி வேண்டுமாம். இருப்பது ஒரே மிஷின். ஆள் மாறும்போது மேலே போட்டிருக்கும் துணியையும் மாற்றிவிடுவோம். படம் எடுத்து முடிந்ததும் இதை நான் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். அடுத்த மாதம் என்று அனுப்பிவைத்தேன்.

நீ செய்த உதவியை மறக்க மாட்டேன்.

ஐயப்பன்

நாலாக்கரை கேம்ப்,
1 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

பெண் பிறந்திருக்கிறாள் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயா? கவிதாவுக்கு உடம்பு எப்படி? பூங்கோதை படத்தைப் பார்த்துவிட்டு, ஐயப்பன் மாமா மூக்கு என்று சிரிக்கிறாள்.

ஒரு வேடிக்கை கேள். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நான் வேலை செய்யும் வசுமதி அம்மாவுக்கு, உங்களுக்கெல்லாம் பணம் ஒதுக்கும் அந்த டெல்லி அலுவலகத்தில்தான் உத்தியோகமாம். இத்தனை நாள் தெரியாது. போன வாரம் நான் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "ராஜாத்தி, உங்க நடுமலைக்கு இருநூறு குடும்பம் திரும்பிப் போயிருக்காம். நாட்டுலயே உங்க ஏரியாதான் மூணாவது. நீ எப்போ போகப்போறே?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அந்த இருநூறில் ஒருத்திதான் உங்கள் குக்கரைத் தேய்க்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. போகணும்மா என்று சொல்லிவிட்டு அடிப்பிடித்ததைச் சுரண்டினேன்.

வேடிக்கை அத்தோடு முடிந்தது. இங்கே நாலாவை, அந்தச் சாக்கடைக் கால்வாயை, அகலப்படுத்தப் போகிறார்களாம், கேம்ப்பை எடுக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டது. கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் சிவப்பில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். தொடர்ந்து இங்கேயே குடியிருந்தோம் என்று தேறினால் நரேலாவில் ஒரு அறை வீடு. தேறாவிட்டால் தெருதான். நரேலா எங்கேயோ இருக்கிறது, பஸ்ஸிலேயே பாதி நாள் போகும். ஆனால் பூட்டக்கூடிய கதவு, உள்ளேயே கக்கூஸ். பூங்கோதை பெரியவளானதிலிருந்து நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம்.

ராஜாத்தி

மேலப்பாக்கூர்,
28 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குழந்தை பாலுக்கு மட்டும் அழுகிறாள்.

வீட்டு விஷயம் படித்தேன். குடியிருந்ததை எதை வைத்துப் பார்க்கிறார்கள்? ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் மட்டுமா, ஆதாரையுமா? வசுமதி அம்மாவிடம் நாசூக்காகக் கேட்டு உடனே எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான். நீ ஒன்றும் கவலைப்படாதே.

ஐயப்பன்

நாலாக்கரை கேம்ப்,
17 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. உன் மாமாவுக்குச் சளி.

கேட்டேன். "இப்பல்லாம் எல்லா சர்க்கார் லிஸ்ட்டும் ஆதார் நம்பரை வச்சு ஒண்ணை ஒண்ணு பாத்துக்கும். ஒரு இடத்துல ஊருக்குப் போயாச்சுன்னு இருந்தா இன்னொரு இடத்துல தெரிஞ்சுடும்" என்றார் வசுமதி அம்மா. அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஐயப்பா, நாம் கொடுத்த இருபது நகலும் அந்த லிஸ்ட்டில் வருமா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுது. பொன்னி தினமும் மிஷின் எப்போது வரும் என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ராஜாத்தி

மேலப்பாக்கூர்,
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மார்ச் முடிவதால் வேலை கழுத்தை நெரிக்கிறது. நடுவில் நீ இரண்டு தடவை போன் செய்தபோது எடுக்க முடியவில்லை.

ஆமாம், வரும்.

ஆனால் நீ பயப்பட வேண்டாம். உன் பேரை எடுத்துவிட்டேன். பதிவில் தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதி, உனக்குப் பதிலாகக் கவிதாவின் சித்தப்பா குடும்பத்தைச் சேர்த்துவிட்டேன். இயக்குநர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மற்ற பத்தொன்பதையும் எடுக்க முடியாது. ஒரு பேர் மாறினால் தட்டச்சுப் பிழை, இருபது மாறினால் மோசடி. தவணையும் வந்துவிட்டது, பட்டியலையும் டெல்லியில் பூட்டிவிட்டார்கள்.

அங்கே யாரிடமும் மூச்சு விடாதே. உனக்கும் பூங்கோதைக்கும் வீடு கிடைத்தால் எனக்கு அது போதும்.

இன்னொன்று, ஏப்ரலிலிருந்து என் வேலையை நிரந்தரமாக்குகிறார்கள்.

ஐயப்பன்

நாலாக்கரை கேம்ப்,
18 மே 2025

தம்பி ஐயப்பனுக்கு,

இங்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

உன் மார்ச் மாதக் கடிதம் வந்தது. அப்போது பதில் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் டேங்கர் நிற்கும் இடத்துச் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். பூங்கோதைதான் இந்தியில் இருந்ததை எல்லோருக்கும் படித்துச் சொன்னாள். என் பேர் தேறியவர்களில் இருந்தது. கீழே வேறொரு பட்டியல். அதில் பொன்னி, அவளுக்குப் பக்கத்தில் 'சொந்த ஊர் திரும்பியவர், தையல் தொழில்' என்று இருந்தது. அடுத்த பேர், அதற்கும் அதே. பத்தொன்பது பேருக்கும் படித்தாள். பாவி மகள், கடைசி வரைக்கும் சத்தமாகப் படித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

படித்து முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நகல் வாங்க வந்தவள் நான். என் பேர் மட்டும் மேலே. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் கேட்டார். யாரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

எனக்கு நரேலா வீட்டுச் சாவி கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது மாடி.

மற்றவர்கள் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீ ஒரே ஒரு காகிதம் எழுதிக் கொடு. இந்தப் பத்தொன்பது குடும்பமும் ஊருக்குத் திரும்பவே இல்லை, எங்கள் பட்டியல் தவறு என்று. முகமையின் சீலோடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

ராஜாத்தி

மேலப்பாக்கூர்,
30 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குழந்தைக்கு இரண்டு பல்.

நீ கேட்பது என் தலையை. அந்தக் காகிதம் வெளியே போன மறுநாள் இருநூறு பேரையும் தோண்டுவார்கள். என் ஒருவன் வேலையோடு போகாது, போலீஸ் கேஸ் ஆகும். தவணையைத் திருப்பிக் கேட்பார்கள். குளிரூட்டும் நிலையத்தில் இப்போது நானூறு வீட்டுப் பால் விழுகிறது. அதை நம்பி மாடு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம் ஆட்கள்தான்.

நான் திருடவில்லை அக்கா. டெல்லி எண்ணைக் கேட்டது, எண்ணைக் கொடுத்தோம். ரோடு போட்டாயா, ஆஸ்பத்திரி நடக்கிறதா என்று ஒருவர் கூடக் கேட்டதில்லை. பக்கத்து வட்டாரத்து முகமையிலும் இதேதான்.

உனக்கு வீடு கிடைத்துவிட்டதே. இதற்கு மேல் ஊராரைப் பற்றி உனக்கு என்ன? பொன்னியை ஊருக்கு வரச் சொல். எப்படியாவது அந்த மிஷினை அவளுக்கே வாங்கிக் கொடுக்கிறேன்.

ஐயப்பன்

நாலாக்கரை கேம்ப்,
7 ஜூன் 2025

தம்பி ஐயப்பனுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு மனமில்லை.

ஊராரைப் பற்றி எனக்கு என்ன என்று கேட்டிருக்கிறாய். நான் டைபாய்டில் கிடந்தபோது பதினோரு நாள் என் நான்கு வீட்டு வேலையையும் தன் வேலையோடு சேர்த்துச் செய்தவள் பொன்னி. இப்போது டேங்கர் வரிசையில் என் பின்னால் நிற்க மாட்டேன் என்று விலகிப் போகிறாள். உன் மாமா என்னோடு சரியாகப் பேசி மூன்று வாரமாகிறது. முகூர்த்தம் பார்த்து நரேலாவுக்குப் பால் காய்ச்சப் போகலாம் என்றேன். நீயே போய்க் காய்ச்சு என்றார்.

நீ எழுதித் தரமாட்டாய் என்றால் உன் கடிதங்களை நான் மேல்முறையீட்டில் கொடுப்பேன்.

ராஜாத்தி

மேலப்பாக்கூர்,
14 ஜூன் 2025

அக்கா,

காலில் விழுகிறேன். கடிதங்களைக் கொளுத்திவிடு. இதையும் சேர்த்து. ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. நான் உன் பேரை எடுத்தது உன்மேல் உள்ள பாசத்தில். அதை வைத்தே என் கழுத்தை அறுக்கப் போகிறாயா?

ஐயப்பன்

கேம்ப் இருந்த இடம், புது டெல்லி,
3 ஜூலை 2025

தம்பி ஐயப்பனுக்கு,

கவிதாவும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டுக் கமிட்டி கூடியது. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், எனக்குப் பின்னால் பெஞ்சுகளில் பத்தொன்பது குடும்பமும். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியவில்லை. வெங்கி என்று ஒரு தமிழ்ப் பையனை உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பேச மட்டும்தான் வருமாம். எழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாரி ஆன்ட்டி, படிக்க வராது" என்றான். நீங்களே இந்தியில் படித்துச் சொல்லுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

படித்தேன். முதல் கடிதத்திலிருந்து. ஒவ்வொன்றுக்கும் தேதி சொல்லி, வரி வரியாக. உன் எழுத்தை என் வாயால் இந்தியில் சொல்லிக் கேட்கையில் யாரோ ஒரு ஆளைப் பற்றிப் படிப்பது போலிருந்தது. மிஷின் மேல் துணி மாற்றுவதைப் படித்தபோது ஒரு அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு அவர் முகத்தில் ஏதாவது எடுத்து வீசலாம் போலிருந்தது. கொளுத்திவிடு என்று நீ எழுதியதையும் படித்தேன். என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. அவர்கள் கேட்டால் ஒன்று விடாமல் கொடு. மிஷின் என்று சொல்லி நகல் வாங்கியவள் நான்தான் என்பது அதில் இருக்கிறது.

பத்தொன்பது பேரையும் மறுபடி விசாரிக்கிறார்களாம். எத்தனை மாதம் என்று கேட்டேன், சொல்லவில்லை. என் வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நானும் இதில் கூட்டாம். சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். உன் பேர் வசுமதி அம்மாவின் அலுவலகத்துக்குப் போகிறது. அந்த அம்மா அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். திங்களன்று புல்டோசர் வந்தது. தார்ப்பாய் கட்டி இருக்கிறோம். பூங்கோதை பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்தே போகிறாள்.

இதெல்லாம் தெரிந்துதான் போனேன். எனக்கு இதில் வருத்தமில்லை என்று எழுதினால் பொய். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் உனக்குச் சொல்லவேண்டியது வேறு. பத்தொன்பது பேரும் அந்தப் பட்டியலில் இருப்பதையும் என் பேரை மட்டும் மாற்றியதையும் நீயே விவரமாக எழுதியது உன் மார்ச் மாதக் கடிதத்தில்தான். அது இல்லாவிட்டால் மீதிக்கு மதிப்பில்லை. அதை ஒளிக்க முடியாது. பன்னிரண்டாம் தேதி மார்ச் என்று தொடங்கி, ஆமாம், வரும் என்பதைப் படித்து, உன் பேரை எடுத்துவிட்டேன் என்பதையும் படித்தேன். யாரிடமும் மூச்சு விடாதே என்ற இடம் வந்தபோது பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பொன்னி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஆறு வாரமாக என்னிடம் ஒரு சொல் பேசாதவள்.

"அக்கா, மார்ச்சு மாசமேவா உனக்குத் தெரியும்?" என்று தமிழில் கேட்டாள்.

மார்ச்சில் சொல்லியிருந்தால் அவர்களுக்கு வேறு அத்தாட்சி தேடவும் வக்கீல் பார்க்கவும் இரண்டு மாதம் இருந்திருக்கும். நான் அந்த இரண்டு மாதமும் நரேலா வீட்டு ஜன்னலுக்கு என்ன நிறத் துணி போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயப்பா. நீ அவர்களை விட்டுவிட்டாய் என்று உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேனே, உனக்கு முன்னால் விட்டவள் நான்.

அதிகாரி அவள் என்ன கேட்கிறாள் என்று என்னைக் கேட்டார். வெங்கி இந்தியில் சொல்ல வாயெடுத்தான். நான் அவனை நிறுத்திவிட்டு, பொன்னியைப் பார்த்து, "தெரியும்" என்றேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் அடுத்த வரியைப் படித்தேன்.

இப்படிக்கு,
ராஜாத்தி